தாலியில் கோத்த ராணிக் காசு

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்காக மதுரைக்குப் போயிருந்தபோது, அத்தை தன் பீரோவிலிருந்து ஒரு பழைய சுருக்குப்பையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்க அப்பத்தா கழுத்துல கெடந்தது. இனிமே ஒன்கிட்ட இருக்கட்டும்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பைக்குள் மஞ்சள் படிந்த ஒரு துணித்துண்டும், அதற்குள் வளையம் வைத்துப் பற்றவைத்த ஒரு பொற்காசும் இருந்தன. சிறு வயதில் அப்பத்தாவின் மடியில் படுத்துக்கொண்டு விரலால் திருகி விளையாடிய காசு என்பதை, கண் கண்டுகொள்வதற்கு முன்பே என் விரல்கள் கண்டுகொண்டன.

எங்கள் வீட்டில் அதற்கு ராணிக் காசு என்று பெயர். எந்த ராணி, எந்த ஆண்டு, எதற்காக அடித்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இந்த ஒரு வருடத்தில்தான் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதை நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, அந்தச் சிறிய வட்டத்துக்குள் இருக்கும் பெண்ணையும் அதைக் கழுத்தில் அணிந்திருந்த பெண்ணையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடியாமல் போயிற்று. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

காசின் ஆண்டு 1887. விக்டோரியா அரசி 1837 ஜூன் 20ஆம் நாள் அரியணைக்கு வந்தவர். ஆகவே 1887 அவருடைய ஆட்சியின் பொன்விழா ஆண்டு. அதுவரை காசுகளில் இருந்த அவருடைய இளமை முகத்தை எடுத்துவிட்டு, அந்த ஆண்டில்தான் புதிய முகத்தை வைத்துக் காசுகளை வெளியிட்டார்கள். முகத்தைச் செதுக்கியவர் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஜோசப் எட்கர் போம் என்ற சிற்பி. தோளுக்குக் கீழே, முகம் முடியும் விளிம்பில், அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் மிகப் பொடியாக இருக்கின்றன. காசு சேகரிப்போர் இதைப் பொன்விழாத் தலை என்கிறார்கள். ஆனால் காசில் பொன்விழா என்றோ ஐம்பது ஆண்டு என்றோ ஒரு சொல் கூடக் கிடையாது. இறையருளால் பிரித்தானிய நாடுகளின் அரசி, சமயத்தின் காவலர் என்று சுருக்கெழுத்து இலத்தீனில் முகத்தைச் சுற்றி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். 1877 ஜனவரி 1ஆம் நாள் தில்லி தர்பாரில் அவரை இந்தியாவின் பேரரசி என்று பிரகடனம் செய்திருந்தார்கள். நம் ஊரில் அது தாது வருஷப் பஞ்சத்தில் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பட்டம் இங்கே அடித்த ரூபாயில் உடனே ஏறிவிட்டது. இங்கிலாந்தின் பொற்காசில் ஏறுவதற்கு 1893 வரை ஆயிற்று. எங்கள் வீட்டுக் காசில் இருப்பவர் ஆகவே இந்தியாவின் அரசி அல்லர், இங்கிலாந்தின் அரசி மட்டுமே.

இனி அந்த முகத்துக்கு வருகிறேன். தலையில் ஒரு மிகச் சிறிய கிரீடம், தலையளவுக்குப் பொருந்தாமல் உச்சியில் வைத்தாற்போல் இருக்கிறது. எப்போது விழுமோ என்று தோன்றுவதாக அந்தக் காலத்திலேயே இங்கிலாந்துப் பத்திரிகைகளில் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கிரீடம் சிற்பியின் கற்பனை அல்ல. 1870இல் விக்டோரியாவுக்கென்றே 1,187 வைரங்கள் பதித்துச் செய்த சின்னக் கிரீடம் அது. அவ்வளவு சிறிதாகச் செய்ததற்குக் காரணம் அதற்குக் கீழே இருக்கிறது. கிரீடத்தின் அடியிலிருந்து பின்னங்கழுத்து வழியாகத் தோள்வரை ஒரு முக்காடு இறங்குகிறது. அது கைம்பெண்ணின் முக்காடு. கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்தபின், 1901இல் தாம் இறக்கும் வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் விக்டோரியா துக்க உடையைக் களையவில்லை. பெரிய கிரீடத்தை அந்த முக்காட்டின்மேல் வைக்க முடியாது என்பதால்தான் சிறியதைச் செய்துகொண்டார். 1887 ஜூன் 21ஆம் நாள் பொன்விழா நன்றி வழிபாட்டுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குப் போனபோது, எத்தனை பேர் வேண்டியும் கிரீடம் அணிய மறுத்து, தலையில் ஒரு தொப்பியோடுதான் போனார்.

இந்தச் செய்தியைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் காசு முப்பத்தோரு ஆண்டுகள் இருந்த இடம் என் அப்பத்தாவின் தாலிக்கயிறு.

அப்பத்தாவுக்குச் சோழவந்தான். வைகைத் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டுப் பிழைத்த குடும்பம். சுதந்திரம் கிடைத்த மறுவருடம், 1948இல், அவருக்குக் கல்யாணம். கவுளி கவுளியாக வெற்றிலை விற்றுச் சேர்த்த பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு அவருடைய அப்பா மதுரைக்குப் போய், தெற்கு ஆவணி மூல வீதியில் இந்தக் காசை வாங்கி வந்தார் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. தாலிக்கு இரண்டு பக்கமும் குண்டும் பவளமும், ஒரு பக்கம் கூடுதலாக இந்த ராணிக் காசும் கோத்திருந்தார்கள். மங்கலத்தின் உச்சமான அந்தக் கயிற்றில், முக்காடிட்ட ஒரு கைம்பெண்ணின் முகம் தொங்கியிருக்கிறது. கல்யாண வீட்டில் கைம்பெண் எதிரே வரக் கூடாது என்று ஓரமாக உட்கார்த்தி வைத்த காலம் அது. அந்தக் காலத்தில் அந்த முகம் மணமேடை வரை போய், அட்சதையும் வாங்கிக்கொண்டு, ஒரு பெண்ணின் நெஞ்சின்மேல் முப்பத்தோரு ஆண்டுகள் கிடந்திருக்கிறது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், ராணி என்றால் ராணிதானே என்று விட்டிருப்பார்கள்.

அந்தக் காசு எப்படிக் கொடிக்கால் வீடு வரை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பின்புறத்தில் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜின் உருவம் இருக்கிறது. இத்தாலியச் சிற்பி பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி 1817இல் செதுக்கிய அதே உருவம். குதிரையின் காலடியில் தரைக்கோடு ஒன்று ஓடுகிறது. அதன் நடுவில், ஆண்டுக்கு நேர் மேலே, எறும்புத் தலையளவில் எம் என்ற ஆங்கில எழுத்து இருப்பதை மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கண்டேன். அது மெல்போர்னில் காசு அடித்த அக்கசாலையின் அடையாளம். ஆஸ்திரேலியாவில் 1851இல் ஒரு புதிய குடியேற்றத்தைப் பிரித்து அதற்கு விக்டோரியா என்றே பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் அங்கே தங்கம் அகப்பட்டது. அந்த மண்ணைத் தோண்டி எடுத்த தங்கத்தை அதன் தலைநகரான மெல்போர்னில் உருக்கி, அந்தக் குடியேற்றத்துக்குப் பெயர் தந்தவரின் முகத்தைக் குத்திக் காசாக்கினார்கள். அத்தகைய காசுகள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தன. 1899இல் இயற்றிய நாணயச் சட்டத்தின்படி இந்தப் பொற்காசு இந்தியாவில் பதினைந்து ரூபாய்க்குச் செல்லும் என்று ஆயிற்று. முதல் உலகப் போரின்போது பம்பாயிலேயே ஒரு கிளை அக்கசாலை வைத்து, 1918 என்ற ஆண்டோடு ஏறத்தாழ பதின்மூன்று லட்சம் காசுகள் அடித்தார்கள். செல்லும் காசு என்று அரசாங்கம் சொன்னதே தவிர, கைக்குக் கை மாறிய காசைவிடத் தட்டானின் குமுட்டி அடுப்புக்குள் போன காசுதான் நம் பக்கத்தில் அதிகமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தக் காசில் அதன் மதிப்பும் எழுதப்படவில்லை. ஒரு பவுண்டு என்றோ இருபது ஷில்லிங் என்றோ எங்கும் கிடையாது. எடையும் மாற்றும்தான் அதன் மதிப்பு. 7.988 கிராம், 22 கேரட். அந்தக் காசை அவர்கள் சாவரின் என்றார்கள். நாம் சவரன் என்றோம். அது ஒரு பவுண்டுக்குச் சமம் என்பதால் பவுன் என்றும் சொன்னோம். இன்று மதுரையில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறார்கள் என்று பேசும்போதும், தொலைக்காட்சியில் சவரன் விலை ஏறியது இறங்கியது என்று சொல்லும்போதும், எட்டு கிராம் என்று நாம் கணக்கிடும் அந்த அளவு இந்தக் காசின் எடைதான், பன்னிரண்டு மில்லிகிராம் கூட்டி முழுமையாக்கிய எடை. அரசியின் முகம் மறந்து, நாடு மறந்து, காசே கண்ணில் படாமல் போனபின்னும் அதன் கனம் மட்டும் நம் மொழியில் தங்கிவிட்டது. எத்தனை பெண்களின் கல்யாணம் இந்தக் கனத்தால் நடந்தது, எத்தனை பெண்களின் கல்யாணம் இதனால் நின்றது என்பதை நினைக்காமல் இந்தச் சொல்லை இனி என்னால் உச்சரிக்க முடியாது.

மதுரையில் அரசிகளின் ஆண்டுவிழாவுக்கு வேறு ஒரு முறை உண்டு. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு, அம்மன் சன்னதி ஆறுகால் பீடத்தில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். பாண்டியர்க்குரிய வேப்பம்பூ மாலை சூட்டி, முடி வைத்து, செங்கோல் தருவார்கள். அன்றிலிருந்து நான்கு மாதம் மதுரையில் அவள் ஆட்சி. ஆவணியில் சொக்கநாதருக்கு முடிசூட்டும்போது அது கைமாறும். ஐம்பதாவது ஆண்டு, அறுபதாவது ஆண்டு என்ற கணக்கு அவளுக்கு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிசூடிக்கொள்கிறாள். பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் திக்குவிஜயம். அதற்கு மறுநாள் திருக்கல்யாணம். அம்மன் கழுத்தில் மங்கல நாண் ஏறும் அந்த நேரத்தில், சித்திரை வீதிகளிலும் ஆடி வீதிகளிலும் நிற்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றையும் மாற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொள்வார்கள்.

அப்பத்தாவும் ஆண்டுதோறும் சோழவந்தானிலிருந்து ரயிலேறி வந்து கயிறு மாற்றிக்கொள்வார். முந்தின நாள் இரவே பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைப்பார். விடியற்காலையில் பழைய கயிற்றிலிருந்து பவளம், குண்டு, காசு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உருவி, தாலியை மட்டும் மஞ்சள் நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மற்றவற்றை அந்தத் தண்ணீரில் போடுவார். நுரை பொங்கி வரும். காசை எடுத்துப் பெருவிரலால் முகத்தையும் குதிரையையும் மாறி மாறித் தேய்ப்பார். ஓராண்டு மஞ்சளும் வியர்வையும் இலத்தீன் எழுத்துகளின் இடுக்கிலிருந்து கரைந்து, நுரை பழுப்பாகும். அந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு புதுக்கயிற்றின் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி முறுக்கி, காசின் வளையத்துக்குள் நுழைப்பார். அதைச் செய்யும்போது யாரும் அவரோடு பேசக் கூடாது.

1979இல் தாத்தா இறந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்தக் கயிறு அவருடைய கழுத்தில் இல்லை. தாலியை உருக்கி அத்தைக்கு வேறு நகை செய்தார்கள். காசை மட்டும் அப்பத்தா கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு திருக்கல்யாணத்துக்கு அவர் மதுரைக்கு வரவில்லை. ஆனால் அன்று காலையில் பூந்திக்கொட்டை ஊறியிருந்தது. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, அந்த ஒரு காசை மட்டும் நுரையில் போட்டுத் தேய்த்து, துடைத்து, துணியில் சுற்றிச் சுருக்குப்பைக்குள் வைத்தார். 2006இல் அவர் இறக்கும் வரை இருபத்தேழு திருக்கல்யாணங்களிலும் அது நடந்தது என்று அத்தை சொல்கிறார். தேய்க்கும்போது அவருடைய பெருவிரல் எத்தனை முறை அந்த முக்காட்டின்மேல் போயிருக்கும். அந்த முகம் யாருடையது என்பதை நான் அப்போதே அறிந்து அவரிடம் சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை.

சில மாதங்களுக்கு முன், மதுரையில் பழங்காசு வாங்கி விற்கும் ஒருவரிடம் இதைக் காட்டினேன். விற்பதற்காக அல்ல, போலியா அசலா என்று தெரிந்துகொள்ளத்தான். பொன்விழாத் தலைக் காசுகளுக்குப் போலிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு அசல்தான் என்றார். "ஆனா வளையம் பத்த வெச்சுட்டாங்க மேடம். பழுதுன்னுதான் கணக்கு. சேகரிக்கிறவங்க தொடமாட்டாங்க, தங்கத்து எடைக்குத்தான் போகும்" என்று காசைத் திருப்பித் தந்தார். வேண்டுமானால் வளையத்தை அறுத்து, மெருகு போட்டு, தழும்பு தெரியாமல் செய்து தரவும் ஆள் இருக்கிறது என்றார்.

அவர் தொழிலில் அவர் சொன்னது சரி. அக்கசாலையிலிருந்து வந்த நிலை குலையாமல் இருப்பதே சேகரிப்பவருக்குக் காசின் மதிப்பு. ஆனால் பழுது என்ற அந்தச் சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அயலான் அடித்த காசுக்கு வளையம் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது நம் நாட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய வழக்கம் அல்ல. யவனர் மிளகு வாங்க வந்த காலத்து ரோமானியப் பொற்காசுகள் தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. மதுரைப் பக்கத்திலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் துளையிட்டவையும் வளையம் வைத்தவையும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய கோடு இருந்தது. இனிமேல் இது நாணயமாகச் செல்லாது, தங்கமாகத்தான் செல்லும் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வெட்டுப்பட்ட அந்தக் காசுகளை அருங்காட்சியகங்கள் பழுது என்று ஒதுக்கவில்லை. அந்த வெட்டைத்தான் ஆராய்கிறார்கள்.

அதைவிடப் பழகிய சான்று ஒன்று பாட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை, கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருப்பதைப் பார்க்கிறார். புதுநூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களுக்கு நடுவே ஒருவர் பிடித்திருக்கும் ஒற்றைப் பொற்காசு போல இருக்கிறது என்கிறார். புதுநூல், நகம், ஒரு காசு. அப்பத்தா ஈரக்கயிற்றின் நுனியை முறுக்கிய அந்தக் காலை நேரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பாட்டிலும் காசு வாங்குவதற்கோ விற்பதற்கோ வரவில்லை, கோப்பதற்காகத்தான் வருகிறது.

காசு வணிகரின் கடையிலிருந்து இறங்கியதும் நேராகத் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனேன். பெரிய நகைக்கடைகளைக் கடந்து, ஒரு சந்துக்குள் மாடியேறி, எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பத்தர் ஒருவரைப் பார்த்தேன். எண்பதை நெருங்கும் வயது. இப்போது புதிய நகை எதுவும் செய்வதில்லை, பற்றவைப்பதும் கோப்பதும்தான். காசைக் கையில் வாங்கியவர் முகத்தையோ குதிரையையோ பார்க்கவில்லை. முதலில் வளையத்தைத்தான் பார்த்தார். அரசியின் கிரீடத்துக்கு நேர் மேலே, முகம் சாயாமல் நிமிர்ந்து தொங்கும்படி இடம் பார்த்து வைத்த வளையம் அது. அதன் உள்பக்கம், பழைய கிணற்றுக் கல்லில் கயிறு உராய்ந்த தடம்போல, ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மேல்பக்கம் நூல் அளவுக்குத்தான் தங்கம் மிஞ்சியிருக்கிறது. வெறும் பருத்திக்கயிறுதான் அப்படித் தங்கத்தைத் தின்றிருக்கிறது.

"முப்பது வருசம் கெடந்திருக்கும் போல" என்றார் பத்தர், நான் எதுவும் சொல்லாமலே. பிறகு, வளையத்தை அப்படியே விட்டுவிடுவதா, உள்ளே கொஞ்சம் தங்கம் ஏற்றித் தருவதா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் ஐயா என்றேன். சரி என்று தலையாட்டியவர், காசை உடனே திருப்பித் தராமல் அதன் விளிம்பை நகத்தால் சுற்றி வருடிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நகம் நின்றது. காசை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, "இங்க பாரு தாயி" என்றார்.

காசின் விளிம்பைச் சுற்றிலும் சீப்புப் பல்போல் நெருக்கமாக வரிகள் இருக்கும். கீழ்ப்புறத்தில், 1887 என்ற ஆண்டுக்கு அடியில், ஒரு நெல்மணி அகலத்துக்கு மட்டும் அந்த வரிகள் இல்லை. அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. ஓராண்டாகப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த என் கண்ணில் அது படவில்லை. காசு வணிகரும் அதைச் சொல்லவில்லை.

"இதுல முன்னாடியே ஒரு காது இருந்திருக்கு. அதை எடுத்துட்டு, அரம் போட்டு ராவி, ஒங்க அப்பத்தாளுக்கு இந்தப் பக்கம் புதுசா வெச்சிருக்காக. இது அவுகளுக்கு முன்னாலயே ஒரு பொம்பள கழுத்துல கெடந்த காசு தாயி."

1948இல் கொடிக்கால் பணத்தோடு அப்பத்தாவின் அப்பா இந்த வீதிக்கு வருவதற்கு முன்பே, இதை யாரோ ஒரு பெண் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். பத்தர் காசை ஒரு ரோஸ் நிறத் தாளில் மடித்து என்னிடம் தந்தார். மாடிப்படி இருட்டில் இறங்கும்போது, தாளைப் பிரித்து, வரிகள் இல்லாத அந்த நெல்மணி அகலத்தை என் நகத்தாலும் ஒரு முறை தடவிப் பார்த்தேன்.